கோயிலாழ்வாரில் ஒரு கல்லூரிக் கல்

சனிக்கிழமை காலை. பல் கூடத் தேய்க்காமல் என் புத்தக அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ராத்திரி நானே கைக்குட்டையில் சுற்றி, அட்லஸுக்குப் பின்னால் வைத்த கல்லைக் காணோம். கைக்குட்டை மட்டும் மடித்து வைத்திருந்தது.

கல் என்னுடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். கல்லூரிக் கல் அது. திங்கட்கிழமை திரும்பிப் போயாக வேண்டும்.

உள்ளேயிருந்து பச்சைக் கற்பூர வாசனை வந்தது. அப்பாவின் குரலில் ஒரு குழைவு. சாதாரணமாகச் சனிக்கிழமைகளில் அவருக்கு அப்படிக் குரல் வராது. எட்டிப் பார்த்தேன். எங்கள் ஆத்தில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் சின்ன மரப்பெட்டிக்குக் கோயிலாழ்வார் என்று பெயர். அதற்குள், தவழும் கிருஷ்ணனுக்குப் பக்கத்தில், தலையில் துளசியோடு உட்கார்ந்திருந்தது என் கல்.

"எழுந்துட்டியா?" என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "சீக்கிரம் குளிச்சுட்டு வந்து சேவி. நம்மாத்துக்குச் சாளக்கிராமம் எழுந்தருளியிருக்கார்!"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சந்தோஷத்தினால் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டு காலேஜ்

போன வாரம் நான் பி.யு.சி. பாஸான கதையைப் படித்தவர்கள், "அப்புறம் என்ன எடுத்தீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம். பெண்ணை மேலே படிக்க வைப்பதா, கல்யாணத்தை முடிப்பதா என்ற விவாதத்தை எங்கள் ஆத்தில் ஒருவழியாக நான் ஜெயித்திருந்தேன். அடுத்தது, என்ன படிப்பது.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் என்றால் எனக்கு உயிர். தேசப்படம் வரைய வேண்டுமென்றால் டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு அது ஒன்றும் பெரிய சாமர்த்தியம் இல்லை. வீதிக்குள் வீதி, மதிலுக்குள் மதில், சுற்றிலும் ரெண்டு ஆறு. நடை பழகும்போதே தேசப்படத்துக்குள் நடந்த மாதிரிதான்.

ஆகவே ஜியாகிரஃபி என்று முடிவாகியிருந்தது. பெண்கள் கல்லூரி, என்னோடு பி.யு.சி. படித்த மும்தாஜும் அதற்கே சேர்கிறாள், படித்து முடித்தால் டீச்சர் வேலை. அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. அம்மா அதற்குள் எனக்கு நாலு கைத்தறிப் புடவை பார்த்து வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் மும்தாஜின் அண்ணன் நசீர் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து குழப்பினார்.

தண்ணீர் விட்டால் தெரியும்

மும்தாஜ் வீடு திருச்சியில், பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். நசீர் ஆண்கள் கல்லூரியில் ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷம். வெள்ளிக்கிழமை நான் போனபோது அவர் முற்றத்துக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து எதையோ கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் கல்லைக் குளிப்பாட்டுறாரு. வந்து பாரு இந்தக் கூத்தை" என்றாள் மும்தாஜ்.

உள்ளங்கை அளவு கல். பழுப்பும் மஞ்சளுமாக இருந்தது. பார்க்க ஒன்றுமில்லை. நசீர் ஒரு குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். அவ்வளவுதான்! கல்லுக்குள்ளேயிருந்து ஒரு சுருள் எழுந்து வந்தது. முறுக்குச் சுற்றின மாதிரி, வெளியே பெரிதாக ஆரம்பித்து உள்ளே சின்னதாக, இன்னும் சின்னதாக, கண்ணுக்குத் தெரியாத புள்ளியில் போய் முடிந்தது. சுருள் முழுக்க வரிவரியாகக் கோடு.

"இது என்னங்கண்ணா? யார் செதுக்கினது?"

"யாரும் செதுக்கலம்மா. இது உசிரோட இருந்தது. அம்மோனைட்டுன்னு பேரு. நத்தை மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கும், கடல்ல நீந்தும். செத்து, சேத்துல புதைஞ்சு, கல்லாயிடுச்சு."

"எந்தக் கடல்?"

"நம்ம கடல்தான். அரியலூர்ப் பக்கம் பொறுக்கினது. அங்கெல்லாம் ஒரு காலத்துல கடலு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அரியலூர் எனக்குத் தெரியும். மெட்ராஸ் போகிற ரயில் நிற்கும். வெயில் கொளுத்தும். பிளாட்பாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்பார்கள். நான் எத்தனையோ முறை அட்லஸில் அந்த இடத்தைப் பச்சையும் மஞ்சளுமாகத் தீட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு கடல் இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை! நான் இத்தனை நாள் வரைந்ததெல்லாம் மேல்தோல்தானா என்று கோபமே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் முழுக்க மணல். எங்கள் ஆத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது எவ்வளவு தோண்டியும் மணல்தான் வந்தது. கல்லைப் பார்க்க வேண்டுமானால் எங்களுக்கு ரெண்டே வழி. கோயில் தூண், இல்லையென்றால் சாப்பாட்டு அரிசி. அதனால்தானோ என்னவோ, அந்தக் கல்லைக் கையில் வாங்கியதும் கீழே வைக்கவே தோன்றவில்லை.

நசீர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "வேணும்னா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாரும்மா. திங்கக்கிழமை மியூசியத்துல வெச்சாகணும். பின்னாடி வெள்ளைப் பெயிண்ட்டுல நம்பர் போட்டிருக்கு பாரு, அழிச்சுடாத" என்றார். அப்புறம் போகிறபோக்கில் ஒரு குண்டையும் போட்டார். "பெண்கள் காலேஜ்ல இந்தப் பாடம் இல்லாததால எங்க காலேஜ்லயே ரெண்டொரு பொண்ணுங்களைச் சேர்த்துக்கறாங்க. திங்கதான் கடைசி நாள்."

மும்தாஜுக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. "போச்சு, இவ என்னைத் தனியா விட்டுட்டுப் போகப்போறா!" என்று அலறினாள். அலறிவிட்டு அவளே ஓடிப்போய் அண்ணனின் மேஜையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கல்லை என் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து வந்தேன். இந்த டிபன் பாக்ஸ் சமாசாரத்தை அப்பாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

முறத்துக் கல்

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஜியாலஜி பேச்சை எடுத்தேன்.

அப்பா கலெக்டர் கச்சேரியில் (அப்போது ஆபீசுக்கு அதுதான் பெயர்) குமாஸ்தா. கோபப்பட்டுக் கத்துகிறவர் இல்லை. காரணம் காரணமாக அடுக்குவார், அது கத்துவதைவிட மோசம். "ஆம்பளப் பசங்க காலேஜ். அதோட காடு, மேடுன்னு டூர் போகணும். கண்ட இடத்துல தங்கணும், கண்ட ஜலம் குடிக்கணும். வேண்டாம்மா. கையெழுத்துப் போட மாட்டேன்."

அம்மா அவ்வளவு நீளமாகப் பேசவில்லை. "கல் பொறுக்கறதுதான் ஆசைன்னா எதுக்குடி காலேஜ்? மண்ணச்சநல்லூர் அரிசி மூட்டை பிரிக்காம இருக்கு. முறத்தை எடுத்துண்டு உட்காரு."

நான் மோரைக் குடிக்காமல் எழுந்து போனேன். அந்த வயதில் அதுதான் என்னால் முடிந்த உச்சபட்சப் போராட்டம்.

தானாக வந்தவர்

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

விடியற்காலையில் அப்பா பஞ்சாங்கத்தைத் தேடி என் அலமாரியைத் திறந்திருக்கிறார். கைக்குட்டைப் பொட்டலம் கண்ணில் பட்டிருக்கிறது. பிரித்து உற்றுப் பார்த்தால் சக்கரம்!

அவர் பதறியதிலும் பூரித்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. சாளக்கிராமம் என்பது பெருமாளே கல்லாக இருப்பது. வடக்கே கண்டகி நதியில் கிடைப்பது. உள்ளே சக்கரம் சக்கரமாகச் சுருள் இருக்கும். எங்கள் குடும்பத்துச் சாளக்கிராம மூர்த்திகளெல்லாம் பாகப்பிரிவினையில் கும்பகோணத்துப் பெரியப்பாவோடு போய்விட்டன. அப்பாவுக்கு அது ஆறாத குறை. விலைக்கு வாங்கக் கூடாது, தானாக வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தானாக வரட்டும் என்று அவர் கல்யாணமான நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். என் அலமாரியில், அட்லஸுக்குப் பின்னால் வந்திருக்கிறது.

"அப்பா, அது காலேஜ் கல்" என்றேன்.

"காலேஜ்ல இருந்தா பெருமாள் இல்லேன்னு ஆயிடுமா?"

"மும்தாஜோட அண்ணா குடுத்தது."

"அதனால என்ன? டில்லி சுல்தான் பொண்ணு துலுக்க நாச்சியார் நம்ம கோயிலுக்குள்ளேயே இருக்கா. தினம் ரொட்டி அமுது செய்யறா. அவா மூலமா வரக் கூடாதா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நசீர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். கடல், நத்தை மாதிரி ஜந்து, சேறு, கோடிக்கணக்கான வருஷம். அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

"மத்ஸ்யமா வந்தார். கூர்மமா வந்தார். நத்தையா வந்தா என்ன குறைச்சல்?"

 

மறுபடி ஒரு முறை திருமஞ்சனம் செய்து காட்டினார். "பாரு, பாரு, ஜலம் பட்டதும் சக்கரம் எப்படித் தெளிஞ்சு வரது!" குழாயடியில் நசீருக்கு இருந்த அதே சந்தோஷம் அப்பா முகத்தில். நான் என்னையறியாமல் குனிந்து கையை நீட்டினேன்.

"தொடாதே!" என்றார். பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடக் கூடாது.

நேற்று ராத்திரி படுக்கையில் வைத்துக்கொண்டு சுருளில் விரலை ஓட்டிப் பார்த்தவள் நான். இன்று அதற்கு மூன்றடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.  ஜியாலஜிதான் இல்லை என்றாகிவிட்டது. இப்போது கல்லும் போயிற்று. நசீர் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்?

அம்மா மட்டும் அசரவில்லை. "ஏன்னா, புதுசா ஒருத்தர் வந்திருக்காரே, நாளைக்கு அக்காரவடிசல் பண்ணிடவா?" என்றாள். அதற்கு வேண்டிய நெய்யை அவளே ஏற்கெனவே உருக்கியாயிற்று.

டவுன் பஸ்ஸில் பெருமாள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே போய் அப்பா முன்னால் நின்றேன். "அதுக்குப் பின்னாடி நம்பர் போட்டிருக்குப்பா. நாளைக்கு எடுத்துண்டு போகலேன்னா நசீர் அண்ணாதான் பதில் சொல்லணும். அவர் என்னை நம்பிக் குடுத்தார்."

அப்பா கோயிலாழ்வாரைத் திறந்து கல்லைத் திருப்பி, வெள்ளைப் பெயிண்ட் எண்ணைப் பார்த்தார். நத்தைக்கு அசராதவர் அந்த எண்ணுக்கு அசந்துபோனார். கச்சேரி குமாஸ்தா அல்லவா!

"இன்னொருத்தர் பெருமாளை வெச்சுக்கறது தப்பு. நானே கொண்டுபோய் ஒப்படைக்கறேன்" என்றார். 

திங்கட்கிழமை கிளம்புகிற நேரத்தில் அம்மா என்னைக் கிணற்றடிக்கு விரட்டினாள். "தலைக்கு விட்டுக்கோ. பெருமாளோட பஸ்ல போகப்போறே." சொட்டச்சொட்ட ஈரத் தலையோடு நானும், பஞ்சகச்சமும் பன்னிரண்டு திருமண்ணும் துலங்க அப்பாவும் கிளம்பினோம். அவர் கையில் வெள்ளிச் சம்புடம். உள்ளே துளசிப் படுக்கையில் அம்மோனைட். என் பையில், ஒரு நப்பாசையில், கையெழுத்தில்லாத விண்ணப்பம்.

பஸ்ஸில் இடமிருந்தும் அப்பா உட்காரவில்லை. யார் மேலும் பட்டுவிடாமல் கம்பியோடு ஒட்டி நின்றார்.

"சாமி, உள்ள போங்க. எடம் கெடக்குல்ல" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்ல. ரெண்டு டிக்கெட்."

கண்டக்டர் சம்புடத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவராகவே ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். காவிரிப் பாலம் வரைக்கும் அப்பா பக்கம் யாரையும் வர விடவில்லை. "அந்தப் பக்கமா போங்க, அந்தப் பக்கமா போங்க, சாமி நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பாலத்தில் ஏறினால் எதிரே மலைக்கோட்டை. அப்பா எப்போதும் அந்த இடத்தில் முகத்தை மேற்கே திருப்பிக்கொள்வார். மேலே சிவன் தாயுமானவராக இருக்கிறார், நாமோ வீர வைஷ்ணவர்கள். தினம் கச்சேரிக்குப் போகிற மனுஷர், தினம் திருப்பிக்கொள்வார். அன்றும் திருப்பிக்கொண்டார்.

குளித்தவள்

கல்லூரியில் ஜியாலஜித் துறைத் தலைவரின் அறைதான் மியூசியமும். வாசலில் நசீர் காத்திருந்தார். அப்பாவின் கோலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

அப்பா உள்ளே ஒரு கால் எடுத்து வைத்தவர் அப்படியே நின்றார்.

சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கச் சுருள். உள்ளங்கை அளவு, தட்டு அளவு, வண்டிச் சக்கரத்துக்குத் தம்பி மாதிரி ஒன்று. கீழே மரத்தட்டுகளில், அரிசிச் சாக்கில், ஜன்னல் விளிம்பில். எங்கள் ஆத்தில் ஒருத்தர் இல்லையே என்று ஏங்கிய மனுஷர் கண்ணுக்கு முன்னால் இத்தனை பேர்! சம்புடத்தோடு அங்கேயே குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வாங்க, வாங்க சார், உக்காருங்க" என்று துறைத் தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அப்பா அவர் மேஜையைப் பார்த்துவிட்டார். அங்கே விண்ணப்பங்கள் பறக்காமலிருக்க, மேலே ஓர் அம்மோனைட் உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, கடுதாசி மேலேயா!" என்று சம்புடத்தை அலமாரியில் வைத்துவிட்டு, ரெண்டு கையாலும் அதைத் தூக்கிப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

மின்விசிறி சும்மா இருக்குமா? அந்த வருஷம் ஜியாலஜிக்கு மனுப் போட்டவர்கள் அத்தனை பேரும் அறை முழுக்கப் பறந்தார்கள். நானும் நசீரும் மேஜைக்கு அடியிலும் அலமாரி இடுக்கிலும் புகுந்து பொறுக்கினோம். நான் எழுந்தபோது அப்பாவும் துறைத் தலைவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"இவாள்ளாம் கண்டகியிலேர்ந்து வந்தவாளா?"

"கண்டகியா? இல்ல சார், எல்லாம் நம்ம பக்கந்தான். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்க போனா கிடக்குதுங்க. வெயில்ல, மழையில. ஆடு மாடெல்லாம் மிதிச்சுட்டுப் போகுது."

"மிதிச்சுண்டா?" அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "கொள்ளிடம் தாண்டினா போறுமா? நான் இத்தனை வருஷமா..." அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "யாரு போய் எடுத்துண்டு வரா?"

"எங்க ஸ்டூடண்ட்ஸ்தான். வருஷா வருஷம் டூர் போவோம். பத்திரமா எடுத்து, நம்பர் போட்டு, இங்க வெச்சுடுவாங்க."

டூர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் காடு, மேடு என்று அடுக்கிய அதே டூர். 

சம்புடத்தைத் திறந்து கல்லை எடுத்தார். துறைத் தலைவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அப்பா சட்டென்று பின்வாங்கினார்.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ. நீங்க இப்பத்தான் டீ சாப்பிட்டேள்."

"சரிங்க சார். நசீர், நீ வாங்கிக்க."

"நான் பன்னு சாப்பிட்டேனுங்க" என்றார் நசீர், ரொம்ப நாணயமாக.

 அப்பா அலமாரியைப் பார்த்தார். எது அதன் இடம் என்று அவருக்குத் தெரியாது. கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீதான் குளிச்சிருக்கே" என்றார்.

ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். கல்லை என் கையில் வைத்தார். ஈரமாக, கனமாக, சுருள் முழுக்கத் தெளிந்து இருந்தது. துளசி நழுவப் பார்த்தது. அப்பாவே அதைச் சரியாக எடுத்து வைத்தார்.

"எங்கேயோ கையெழுத்துக் கேட்டியே, எங்கே?" என்றார்.

அன்று நான் குதிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், கையில் பெருமாள் இருந்ததுதான்.

திரும்பி வரும்போது

பஸ்ஸில் அப்பா காலிச் சம்புடத்தோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வருத்தமோ என்று பார்த்தேன். தெரியவில்லை. 

பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். மாறாக, பின்னால் திரும்பி, மலைக்கோட்டையை உச்சியிலிருந்து அடிவரை நிதானமாகப் பார்த்தார். என் நினைவு தெரிந்து அவர் அதைப் பார்த்தது அன்றுதான்.

"சுத்தியும் ஆத்து மணல். நடுவுல இவ்வளவு பெரிய கல்லு ஒண்ணு மட்டும் எப்படிடி வந்தது?"

"தெரியலைப்பா. படிச்சுட்டுச் சொல்றேன்."

அப்பா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சீக்கிரமாப் படி" என்றார்.